அவங்க கைக்கு ஆவணும்

மொத நாளே எனக்கும் அவங்களுக்கும் சண்டதான்.

பள்ளிக்கூட வேனுல ஆயா வேலைக்குப் போயிருந்தேன். புள்ளைங்கள ஏத்தி, கதவ இழுத்துச் சாத்தி, கொக்கியப் போட்டுட்டு, "ம், போலாங்க்கா"ன்னு கொரல் குடுத்தேன். வண்டி நகரல. டிரைவரு சீட்டுலேர்ந்து அவங்க எறங்கி, வண்டியச் சுத்திக்கிட்டு வந்து, நான் சாத்துன கதவப் புடிச்சி ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு மறுபடி போயி ஒக்காந்தாங்க. எனக்குச் சுருக்குன்னுது. அடுத்த ஊருலயும் அதே. அதுக்கடுத்த ஊருலயும் அதே. பொறுத்துப் பொறுத்துப் பாத்து, "ஏங்க்கா, எனக்குக் கை இல்லயா? கதவு சாத்தத் தெரியாத பொம்பளையா நானு?"ன்னு கேட்டே புட்டேன்.

அவங்க கோவப்படல. "நீ சாத்திட்டன்னு சொன்ன. எங்காதுக்கு ஆச்சு. எங்கைக்கு ஆவல"ன்னாங்க. சொல்லிட்டு கியரப் போட்டாங்க.

அவங்க பேர நான் சொல்ல மாட்டேன். சொன்னா விருத்தாசலத்துல பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு என்னத் தேடி வந்து கத கேப்பாங்க. புள்ளைங்க 'டிரைவர் மிஸ்'னு கூப்புடும். நான் அக்காம்பேன். புருஷங்காரரு வெளிநாட்டுல வேல. வேனு அவங்க சொந்த வேனு, அதப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆளு ஒல்லி, கொரலு கட்ட. கையி மட்டும் ஒடம்புக்குச் சம்பந்தமே இல்லாமப் பெருசு. அந்தக் கை சும்மாவே இருக்காது. மூடுனது, பூட்டுனது, கட்டுனது எதப் பாத்தாலும் ஒரு இழுப்பு இழுத்துப் பாக்கணும்.

புள்ளைங்க தண்ணி பாட்டில ஒண்ணொண்ணா வாங்கித் திருகிப் பாப்பாங்க. பக்கத்து வூட்டுல காப்பி குடிக்கப் போனா, பேசிக்கிட்டே எழுந்துபோயி கேஸு அடுப்புத் திருகியத் தொட்டுப் பாத்துட்டு வருவாங்க. அந்த வூட்டம்மா, "எங்கூட்டு அடுப்ப எனக்கு அணைக்கத் தெரியாதா?"ன்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு, அதோட பேச்ச நிறுத்திட்டாங்க. "இது வியாதிக்கா உங்களுக்கு"ன்னேன். "ஆமா, வியாதிதான்"னாங்க. ஏன் இப்பிடி ஆனாங்கன்னு எத்தினியோ தரம் நோண்டிக் கேட்டிருக்கறேன். வாயத் தெறந்தாத்தான. ஊருல ஆளுக்கொரு கத கட்டுனாங்க, எதுவும் நம்பற மாதிரி இல்ல.

வேனுக்கு ஆயிலு மாத்தறதும் அவங்களேதான். மெக்கானிக்கு "டைட்டா இருக்குதும்மா"ன்னா அது அவங்க காதுக்குத்தான ஆவும். லீவு நாளுல அவங்க வூட்டு வாசல்ல நான் ஒக்காந்து வேடிக்க பாப்பேன். வண்டியக் கொஞ்ச நேரம் ஓடவுட்டு, சூடான பழைய ஆயிலக் கீழ சட்டியில வடிய வுட்டுட்டு, பில்டரக் கழட்டுவாங்க. பில்டருன்னா ஒரு சின்ன டப்பா, ஆயில வடிகட்டறது. அது வாயச் சுத்தி ஒரு ரப்பரு வளையம் இருக்கும். எஞ்சினுக்கும் டப்பாவுக்கும் நடுவுல ஆயிலு பிச்சிக்கிட்டு வெளிய வராமத் தடுக்கறது அந்த ஒத்த ரப்பருதான். பழைய டப்பாவக் கழட்டுன ஒடனே அவங்க தலகீழாப் புடிச்சி, ரப்பரு அதோட வந்துருக்குதான்னு பாப்பாங்க. சில சமயம் அது டப்பாவ வுட்டுட்டு எஞ்சின்லயே ஒட்டிக்கும். வந்துருந்தாலும் சரி, வராட்டியும் சரி, எஞ்சின்ல அது ஒக்கார்ற எடத்த வெரலால ஒரு சுத்து சுத்திப் பாக்காம வுட மாட்டாங்க.

எங்க ஊருல இன்னொரு தொல்ல. செராமிக் பேட்டையில மண்ணு அரைக்கற தூளு வெள்ள வெளேர்னு மாவு மாதிரி வந்து எல்லாத்து மேலயும் படியும். துணி காயப் போட முடியாது. அந்தத் தூளு கொஞ்சம் ஒட்டுனாலும் ரப்பரு சரியா ஒக்காராதுன்னு, சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் புது பில்டரத் தொடுவாங்க. புது ரப்பரு மேல ஒரு வெரலு ஆயிலத் தொட்டு, கைக்கொழந்த ஒதட்டுல தேனு தடவற மாதிரி தடவுவாங்க. வெறுங்கையால திருகுவாங்க. ரப்பரு எஞ்சினத் தொட்டதும் அதுக்கு மேல முக்கா சுத்து, அவ்ளோதான். "ஸ்பேனரப் போட்டு முறுக்கிடலாமேக்கா, பலமா இருக்குமுல்ல?"ன்னு ஒரு தரம் கேட்டேன். "பலமா இருக்காதுடி, பிதுங்கிக்கும்"னாங்க. அப்பறம் புது ஆயில ஊத்தி, எஞ்சின ஓடவுட்டு, சாக்க விரிச்சி வண்டிக்கடியில படுத்துக்கிட்டு சொட்டுதா சொட்டுதான்னு பாப்பாங்க. அத்தோட வுட்டாங்களா? மறுநாளு காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி கைய உள்ள வுட்டுத் தொட்டு, ஈரம் இருக்குதான்னு வெரலப் பாத்துட்டுத்தான் சாவியத் திருப்புவாங்க.

இப்ப அவங்க தம்பியச் சொல்லணும். ஒரே தம்பி. தாயும் தகப்பனும் போனப்பறம் இவங்கதான் வளத்தாங்க. அவன் பேட்டையில சூளையில வேல செய்யறவன். கரண்டு பியூசு கட்டை, பொம்ம, வெளக்கு எல்லாம் வேவற சூள அது. சாமான உள்ள அடுக்குனதும் கதவ மூடி, சந்து தெரியாம மண்ணக் கொழச்சிப் பூசறது அவன் பொறுப்பு. நெருப்பு ஏற ஏற அந்தப் பூச்சு வெடிக்கும். வெடிச்சா பழசு மேலயே புதுசப் பூசணும். பழசச் சொரண்டவே கூடாது, சொரண்டுனா காத்து பூந்து உள்ள இருக்கற சாமான் மொத்தமும் பாழு. அந்த வேலையில அவன் கெட்டிக்காரன். பேட்டையில கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க.

ஆனா அக்காவுக்கு மட்டும் அவன் எப்பவும் கொக்கி போடத் தெரியாத புள்ளதான். அவன் நிறுத்துன பைக்க ஆட்டிப் பாப்பாங்க. அவன் பூட்டுன பூட்ட இழுத்துப் பாப்பாங்க. அவன் பல்லக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துப் போனான். கல்யாணத்தன்னிக்கிதான் அது பொத்துக்கிச்சி.

எங்கப் பக்கத்துல தாலி கட்டறப்ப மொத முடிச்ச மாப்ள போடணும், மத்த ரெண்டு முடிச்சயும் நாத்தனாரு போடணும். அக்காதான நாத்தனாரு, பொண்ணுக்குப் பின்னாடி நின்னாங்க. கெட்டிமேளம் கொட்டுது, அரிசி பறக்குது, தம்பி முடிச்சப் போட்டான். அக்கா கயித்த வாங்குனாங்க. வாங்குனவங்க தன் முடிச்சப் போடறத வுட்டுட்டு, அவன் போட்ட முடிச்சப் புடிச்சி ஒரு இழு இழுத்தாங்க பாருங்க! பொண்ணு கழுத்தே பின்னாடி வந்துருச்சு. அய்யோ சாமின்னு நான் கண்ண மூடிக்கிட்டேன். கூட்டத்துல யாரோ கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. பொண்ணப் பெத்தவங்க மொகம் செத்துப் போச்சு. "என்னாங்க இது, தாலியப் புடிச்சி இழுக்கறீங்க?"ன்னாங்க.

முடிச்சு நல்லாத்தான் இருந்துச்சு.

பந்தி நடக்கறப்ப, கை கழுவற எடத்துக்குப் பின்னாடி தம்பி அவங்களப் புடிச்சிக்கிட்டான். நானும் பக்கத்துலதான் நின்னேன். "ஊரு முன்னாடி என்னக் கேவலப்படுத்திட்டக்கா. நான் கட்டுன தாலி மேல ஒனக்கு நம்பிக்க இல்ல. என் மேலயே என்னிக்கும் ஒனக்கு நம்பிக்க இல்ல"ன்னான். அவன் கண்ணுல தண்ணி. அக்கா ரெண்டு கையயும் முதுகுக்குப் பின்னாடி வச்சிக்கிட்டு, திருடன் மாதிரி நின்னாங்க.

அப்பறம் ரொம்ப நாளு அவன் வரவே இல்ல. கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ஞாயித்துக்கெழம பொண்ணு மாப்ளைக்கு விருந்துன்னு கூப்புட்டாங்க. ஒத்தாசைக்கு நானும் போனேன். அன்னிக்கின்னு பாத்து கஞ்சி வடிக்கறப்ப அக்காவுக்கு வலது கை வெந்து போச்சு. துணி சுத்திக்கிட்டு ஒக்காந்துருந்தாங்க. வேனுக்கு ஆயிலு மாத்தற நாளும் அதுதான், பில்டரு வாங்கி ரெடியா வச்சிருந்தாங்க.

"குடு, நான் மாத்தறேன்"னான் தம்பி.

"வேணாம்பா. இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

"ஏன், எனக்குத் தெரியாதா? பேட்டை வண்டிக்கு மாத்தறத எத்தினி தரம் பாத்துருக்கறேன்."

"சரி, நான் பக்கத்துல இருக்கறேன். நான் சொல்லச் சொல்லச் செய்யி."

அவன் நிமுந்து பாத்தான். புதுப்பொண்ணு வாசப்படியில நிக்குது. "நீ பக்கத்துல வர வேணாம். மாத்திட்டு ஆச்சுன்னு நான் சொல்லுவேன். அப்பறம் நீ அதத் தொட்டுப் பாத்த, அத்தோட நான் ஒனக்குத் தம்பி இல்ல. இன்னொரு தரம் எம் பொண்டாட்டி முன்னாடி என்னக் கூனிக் குறுக வைக்காத"ன்னான்.

அக்கா பிளாஸ்டிக் சேருல ஒக்காந்துட்டாங்க. வண்டிக்கடியிலேர்ந்து சத்தம் வர்றப்பெல்லாம் வெந்த கையி துணிக்குள்ள துடிக்குது, எனக்கே தெரியுது. அவன் எழுந்து வந்து கையத் தொடச்சிக்கிட்டு, "ஆச்சுக்கா. கல்லு மாதிரி ஒக்காந்துருக்குது"ன்னான்.

"சரிப்பா"ன்னாங்க.

எஞ்சின ஓடவுட்டுக் காட்டுனான். நல்லா ஓடுச்சு, ஒரு சொட்டு ஒழுவல. தம்பி மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசம். எல பூரா வழிச்சிச் சாப்புட்டான். அவங்க போனப்பறம், "நான் வேண்ணா தொட்டுப் பாக்கட்டுமாக்கா?"ன்னேன். "வேணாம். நீ தொட்டாலும் நான் தொட்ட மாதிரிதான். நான் அவனுக்கு வார்த்த குடுத்துருக்கறேன்"னாங்க.

மறுநாளு காலையில வண்டிக்கிட்ட போயிக் குனிஞ்சாங்க. கை பாதி தூரம் போச்சு. அப்பிடியே நின்னாங்க. கைய இழுத்துக்கிட்டு, நெஞ்ச ஒரு தடவு தடவிக்கிட்டு, ஏறி ஒக்காந்தாங்க. 

சேத்தியாத்தோப்பு ரோட்டு ஊருங்க பூரா சுத்தி, கடைசி ஊருல புள்ளைங்கள ஏத்தி, வண்டி ரொம்பிப் போச்சு. அக்கா அன்னிக்கி ரோட்டப் பாத்தத வுட மீட்டரு பலகையப் பாத்ததுதான் சாஸ்தி. விருத்தாசலத்துக்குத் திரும்பி ரோட்டுல ஏறி, கொஞ்சம் வேகம் எடுத்தாங்க. முன்னாடி கரும்பு டிராக்டரு, பின்னாடி ஆரன் அடிச்சிக்கிட்டே ஒரு லாரி. அப்ப செவப்பு லைட்டு ஒண்ணு மினுக்குன்னுச்சு. அணைஞ்சிச்சு. மறுபடி மினுக்குனது, அணையல.

"ஆயிலு போவுது"ன்னாங்க. கொரலு அவங்களுது மாதிரியே இல்ல.

ஒரு நிமிசம் ஓட்டுனாக்கூட எஞ்சினு இறுகிடும். அவங்க யோசிக்கவே இல்ல, ஓடிக்கிட்டு இருக்கறப்பவே எஞ்சின அணைச்சாங்க. அணைச்சதும் ஸ்டேரிங்கு கல்லாப் போச்சு. எடது பக்கம் வாய்க்கா, வலது பக்கம் முந்தப் பாக்கற அந்த லாரி. வெந்த கையோட சேத்து ரெண்டு கையாலயும் இழுத்து, பல்லக் கடிச்சிக்கிட்டு, வண்டிய ஓரங்கட்டுனாங்க. முன்சக்கரம் வாய்க்கா கரையில தொத்திக்கிட்டு நின்னுச்சு. நின்னதுதான் தாமசம், சீட்டுக்கடியிலேர்ந்து பொக பொகன்னு பொக. சூடான கொழாயி மேல ஆயிலு கொட்டிக் கருவுது. புள்ளைங்க ஓன்னு கத்துதுங்க.

"கதவத் தெறடி!"

தெறந்தேன். கைக்கு ஆம்புட்டதையெல்லாம் இழுத்து இழுத்துக் கம்பங்கொல்லையில வுட்டேன். "எல்லாரும் எறங்கியாச்சுக்கா, எல்லாரும் எறங்கியாச்சு!"ன்னு கத்தறேன், அவங்க என்னத் தள்ளிட்டு அந்தப் பொகைக்குள்ள பூந்துட்டாங்க. கண்ணு தெரியாத பொக. ஒவ்வொரு சீட்டாத் தடவிக்கிட்டே பின்னாடி வரைக்கும் போறது ஜன்னலு வழியாத் தெரியுது. இருமிக்கிட்டே வெளிய வந்து விழுந்தாங்க. உள்ள யாரும் இல்ல. அன்னிக்கி ஒரு நாளு எனக்கு அவங்க மேல கோவம் வரல.

தீப் புடிக்கல, மாரியாத்தா புண்ணியம். மண்ண வாரி வாரிப் போட்டோம், பொக அடங்கிருச்சு. பின்னாடி வந்த பஸ்ஸ மறிச்சி, ஊருக்காரரு ரெண்டு பேரு தொணைக்கு ஏறிக்கிட்டு, புள்ளைங்களப் பத்திரமா அனுப்பி வச்சோம். அப்பறம் அக்கா அடியில படுத்து, துணியப் போட்டுப் புடிச்சி, அந்தக் கொதிக்கற பில்டரக் கழட்டுனாங்க. புது ரப்பரு பாதி பிதுங்கி நாக்கு மாதிரித் தொங்குது. அக்கா எஞ்சின் பக்கம் வெரல வச்சி ஒரு சுத்து சுத்துனாங்க. வெரலு அப்பிடியே நின்னு போச்சு. நகத்தால உரிச்சி ஒண்ண எடுத்து எங்கண்ணு முன்னாடி காமிச்சாங்க. பழைய ரப்பரு. எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருந்துருக்குது, அதுக்கு மேலயே தம்பி புதுச மாட்டிட்டான்.

"பழசு மேல புதுசு"ன்னாங்க. "சூளக் கதவுன்னு நெனச்சிட்டான்டி."

சொல்லிட்டு அந்தப் பழைய ரப்பரத் தூக்கி வாய்க்காத் தண்ணியில வீசுனாங்க. "நீ ஒண்ணும் பாக்கல"ன்னாங்க.

பெத்தவங்க கூட்டம் வந்துருச்சு, பள்ளிக்கூடத்து மேனேஜரு வந்தாரு. சேதி கேட்டுத் தம்பியும் பைக்குல ஓடியாந்து கூட்டத்துல நிக்கறான். "யாரும்மா ஆயிலு மாத்துனது?"ன்னு மேனேஜரு கேட்டாரு. நான் வாயத் தெறந்தேன், அக்கா என் காலு மேல ஏறி நின்னாங்க.

"நாந்தாங்க. கை வெந்து கெடந்துச்சு, சரியா மாட்டல."

தம்பி மொகத்துல ரத்தமே இல்ல. தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னானே தவுர ஒரு வார்த்த பேசல. எனக்கு அவன் மூஞ்சியப் பிறாண்டணும் போல இருந்துச்சு. "எங்கப் புள்ளைங்க உசுரு உனக்கு வெளையாட்டாப் போச்சா?"ன்னு ஒரு அம்மா அக்காவப் புடிச்சி உலுக்குனாங்க. அவங்க கேட்டதுலயும் தப்பில்ல. அன்னிக்கே பள்ளிக்கூடத்துல இனிமே உங்க வண்டி வேணாம்னுட்டாங்க.

எல்லாரும் போனப்பறம் தம்பி கிட்ட வந்து, "அக்கா, நான்..."ன்னு ஆரம்பிச்சான்.

"ஒன் மேல தப்பில்ல. பில்டரு டூப்ளிகேட்டு. கடக்காரன் ஏமாத்திட்டான். பள்ளிக்கூடத்துல அதச் சொன்னா எவன் கேப்பான்?"ன்னாங்க. அவன் அவங்க கையப் புடிச்சிக்கிட்டு கொழந்த மாதிரி அழுதான்.

எனக்கு ஆத்திரம் தாங்கல. அந்த ஆயா வேலைய நானும் வுட்டுட்டேன். பேட்டையில தம்பி வேல செய்யற எடத்துலயே பொம்மைக்கு வைக்கோலு சுத்தற வேலைக்குப் போயிட்டேன். அக்கா வேன வித்துட்டு, ஒரு யாவாரிக்கு லோடு வண்டி ஓட்டப் போனாங்க. பாத்தா அவங்க ஒண்ணும் அழுதுக்கிட்டு இல்ல. தம்பி டெய்லி சாய்ந்தரம் வந்துட்டுப் போறானாம், பொண்டாட்டி கையில கொழம்பு குடுத்து அனுப்பறானாம். "என்னிய நம்புன ஒரே ஆளு நீதான்க்கா"ன்னு சொன்னானாம். அதச் சொல்றப்ப அவங்க மொகத்தப் பாக்கணுமே.

"அவனுக்குத் தெரியாமயே போச்சேக்கா. நாளைக்கி வேற வண்டியில இதயே செஞ்சான்னா?"ன்னேன்.

"சூளக்காரன்டி அவன். இனிமே வண்டியத் தொட மாட்டான்."

தொட்டான். ஒரு நாளு சாய்ந்தரம் நான் அவங்க வூட்டுல இருக்கறப்பவே போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க. திட்டக்குடிக்கு அந்தாண்ட மங்களூர்ல மாமனாரு வூட்டுல இருக்கறானாம். மறுநாளு காலையில குடும்பத்தோட கோயிலுக்குப் பொறப்படறாங்களாம். "மாமனாரு வேனுக்கு நாந்தான்க்கா ஆயிலு, பில்டரு எல்லாம் மாத்துனேன்"னு பெருமையாச் சொல்றான்.

அக்கா எழுந்து நின்னுட்டாங்க. "பழைய ரப்பர எடுத்தியாப்பா?"

"எதுக்கு எடுக்கணும்? இருந்தா இன்னும் கெட்டியாத்தான இருக்கும்? பழசச் சொரண்டுனாத்தான்க்கா ஆவாது."

"இந்த வண்டி எஞ்சின்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சா இல்லயா?"

"அத யாரு கவனிச்சா? சரிக்கா, கூப்புடறாங்க." வச்சிட்டான். மறுபடி அடிச்சாங்க. எடுக்கல.

விடியறதுக்குள்ள என்னயும் இழுத்துக்கிட்டு பஸ்ஸு புடிச்சாங்க. நாங்க போயிச் சேர்றப்ப வாசல்ல பெருசாக் கோலம் போட்டு, கோலத்து மேல வேன நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சங்கா வச்சிருக்கறாங்க. தம்பி பொண்டாட்டி மாசமா இருக்குது. முன் சீட்டுல பூ வச்சிக்கிட்டு ஒக்காந்துருக்குது. "வாங்க வாங்க"ன்னு தண்ணி குடுத்தாங்க. அக்கா வாங்கல. தம்பிய ஓரமா கூப்புட்டு, "ஒரு தரம் கழட்டிப் பாத்துட்டு மாட்டிடலாம்பா. நீயே கழட்டு. நான் தொடல"ன்னாங்க.

"என்னாக்கா நீ? மாமனாரு நிக்கறாரு, மச்சினன் நிக்கறான். மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

"கழட்டுப்பா."

"மாட்டேன். நீயும் தொடக் கூடாது. அன்னிக்கி சொன்னதுதான் இன்னிக்கும்."

அக்கா அந்தப் பொண்ணப் பாத்தாங்க. அது வயித்தப் பாத்தாங்க. தம்பியப் பாத்தாங்க. பொடவைய இழுத்துச் செருவிக்கிட்டு, கையக் கழுவிட்டு, எல்லாரும் பாக்க வண்டிக்கடியில படுத்துட்டாங்க.

பில்டரத் திருகுனதும் புது ஆயிலு கொழகொழன்னு கோலத்து மேல ஓடுச்சு. "அய்யய்யோ, கோயிலுக்குப் போற வண்டிய நல்ல நேரத்துல இப்பிடிச் செய்யறாங்களே!"ன்னு மாமியாரு வாயில அடிச்சிக்கிட்டாங்க. அக்கா வெரல ஒரு சுத்து சுத்துனாங்க. இன்னொரு சுத்து சுத்துனாங்க. வெளிய வந்தாங்க.

ஒண்ணும் இல்ல. ஒத்த ரப்பருதான். சரியாத்தான் இருந்துச்சு.

"என்னா இருந்துச்சு? சொல்லு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு!"ன்னு தம்பி கத்தறான்.

"இதுல இல்லப்பா. அன்னிக்கி இருந்துச்சு. நீ மாட்டுன எங்க வண்டியில ரெண்டு ரப்பரு இருந்துச்சு. அதனாலதான் பிச்சிக்கிட்டுப் போச்சு."

"பொய்யி. டூப்ளிகேட்டுன்னு நீதான சொன்ன? எங்க அந்த ரப்பரு? காட்டு பாப்போம்."

அக்கா ரெண்டு கையயும் விரிச்சாங்க. ஆயிலத் தவுர அதுல ஒண்ணும் இல்ல.

"டேய், நான் பாத்தேன்டா, எங்கண்ணால பாத்தேன்"னு நான் குறுக்க பூந்தேன். "நீ அதுக்கு ஜால்ரா"ன்னுட்டான். அக்கா பேசாமத் திரும்ப அடியில போயி, தொடச்சி, ரப்பருக்கு ஆயிலு தடவி, பில்டரப் பழையபடி மாட்டி, கொறஞ்ச ஆயில ஊத்தி, ஓடவுட்டுப் பாத்துட்டு எழுந்தாங்க. "இனிமே நீ எனக்கு அக்கா இல்ல. எங்கூட்டு நல்லது கெட்டது எதுக்கும் வராத"ன்னான் தம்பி. அக்கா மாமியாருகிட்ட "மன்னிச்சிக்கங்கம்மா, பத்திரமாப் போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு நடந்தாங்க.

பஸ்ஸுல நான் சும்மா இருப்பனா? "நல்லாத்தானக்கா மாட்டியிருந்தான், எதுக்கு இந்தக் கூத்து? இருந்த ஒரே ஒறவும் போச்சே?"ன்னு பொரிஞ்சி தள்ளிட்டேன்.

"அவன் எடுக்கலடி. அது தானா டப்பாவோட வந்துருச்சு. அடுத்த தரம் வராது"ன்னாங்க. திட்டக்குடி தாண்டற வரைக்கும் ஜன்னலு பக்கம் திரும்பி அழுதாங்க.

வளகாப்புக்குக் கூப்புடல. நாத்தனாரு போடற வளையல என்கிட்ட குடுத்து அனுப்புனாங்க. அது அப்பிடியே திரும்பி வந்துருச்சு. புள்ள பொறந்தத ஊரு சொல்லித்தான் கேட்டாங்க. ரோட்டுல எதிர்ல பாத்தா தம்பி பைக்கத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான். பேட்டையில என் கூடவும் பேச மாட்டான். பாவி, அவ்ளோ வீம்பு.

அப்பிடி இருக்கறப்ப ஒரு நாளு. பேட்டை வண்டி ஓட்டற ஆளு லீவு, ஆயிலு மாத்த மொதலாளி தம்பியக் கூப்புட்டாரு. வைக்கோலு குமிக்கு இந்தண்ட நான். கையில பொம்மைய வச்சிக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டு இருக்கறேன். கொழாயில சோப்பு போட்டுக் கை கழுவுனான். பில்டரக் கழட்டுனான். தலகீழாப் புடிச்சிப் பாத்தான். அப்பறம் கைய மேல வுட்டு, எஞ்சின்ல அது ஒக்கார்ற எடத்த வெரலால சுத்துனான். எதையோ உரிச்சி எடுத்தான். கறுப்பு வளையம். அத வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். திரும்புறப்ப என்னப் பாத்துட்டான்.  கண்ணு மட்டும் செவந்து கெடந்துச்சு. மறுபடி கையக் கழுவிட்டு வந்து புதுச மாட்டுனான்.

அன்னிக்கி மத்தியானம் அக்கா பக்கத்துக் கம்பெனியில லோடு ஏத்திக்கிட்டு சேத்தியாத்தோப்புக்குப் போறாங்கன்னு தெரிஞ்சிது. அர நாளு லீவு சொல்லிட்டு ஓடிப்போயி ஏறிக்கிட்டேன். மூச்சு வாங்க வாங்க எல்லாத்தயும் சொன்னேன். அவங்க ரோட்டையே பாத்து ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அட கெரகமே, காதுல விழுந்துச்சா இல்லயான்னே எனக்குத் தெரியல. சேத்தியாத்தோப்பு கூட்ரோட்டுல டீக்கடைகிட்ட வண்டிய நிறுத்துனாங்க. டீ வந்துச்சு. குடிக்காம வச்சிக்கிட்டே இருந்தாங்க.

"இன்னொரு தரம் சொல்லு. வெரல எப்பிடி வுட்டான்?"

"இப்பிடிக்கா"ன்னு என் டீ கிளாஸு விளிம்புல வெரல வச்சி ஒரு சுத்து சுத்திக் காமிச்சேன்.

"முழுசாவா சுத்துனான்?"

"முழுசாக்கா."